பாப்பா கேட்கச் சொன்னாள்

லிப்ட் இறங்கத் தொடங்கும்போது வயிறு மட்டும் ஏன் ஒரு நொடி மேலேயே நின்றுவிடுகிறது என்பதுதான் அவன் அதனிடம் கேட்ட முதல் கேள்வி. கேட்கச் சொன்னவன் ரேடியோ. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வாய் ஓயாது என்பதால் லிப்ட் கம்பெனியில் எல்லோருக்கும் அவன் ரேடியோதான். உயரமான குடியிருப்பு ஒன்றின் உச்சியில், மோட்டார் அறைக்குள், இருவரும் சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோ அவன் போனைப் பிடுங்கி ஏதோ ஒரு செயலியை இறக்கிக் கொடுத்து, "சும்மா எதையாவது கேளுங்கண்ணே. என்ன கேட்டாலும் பதில் சொல்லும். எம் பொண்டாட்டி மாதிரி எதிர்க்கேள்வி போடாது" என்றான்.

"மிக நல்ல கேள்வி!" என்றுதான் அது ஆரம்பித்தது. அவன் சிரித்தேவிட்டான். பிறந்ததிலிருந்து அவன் கேட்ட எந்தக் கேள்வியையும் யாரும் நல்ல கேள்வி என்று சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டால் உட்காரச் சொன்னார்கள், கம்பெனியில் கேட்டால் வேலையைப் பார்க்கச் சொன்னார்கள். லிப்டோடு இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவனுக்கு, தன் வயிறு ஏன் அப்படிச் செய்கிறது என்பதை ஒரு போன் பொறுமையாக, கைக்குழந்தைக்கு ஊட்டுவது போல எடுத்துச் சொன்னது. அவன் சிரித்ததைப் பார்த்து ரேடியோ சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு டப்பாவைக் கழுவப் போய்விட்டான். அண்ணன் சிரித்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

அவனுக்கு ஒரே மகள். இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தவள் காய்ச்சலில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு ரேடியோவே வாயை மூடிக்கொண்டுவிட்டான் என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முடிவெட்டுகிறவர், மளிகைக்கடைக்காரர், கீழ்வீட்டு அம்மா, சூப்பர்வைசர் எல்லோரும் அவனைக் கண்டதும் ஒரு முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். தலை லேசாகச் சாயும், புருவம் இறங்கும், குரல் பாதியாகும். "எப்படி இருக்கீங்க" என்பதை நோயாளியைக் கேட்பது போலக் கேட்பார்கள். கொஞ்ச நாளில் அவனுக்கு அந்த முகத்தைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. கால் கிலோ வெங்காயம் வாங்கப் போனவனை ஏன் இப்படிப் பார்க்கிறார்கள்? யாராவது வழக்கம் போல அவனைத் திட்டினால்கூடக் கும்பிடு போட்டிருப்பான். ஆனால் திட்டுவதற்கும் யாருக்கும் மனம் வரவில்லை.

போனுக்கு முகம் கிடையாது. முக்கியமாக, அதற்கு விஷயம் தெரியாது. தெரிந்தவர்கள் நிறைந்த ஊரில் தெரியாத ஒன்று அவன் சட்டைப்பையில் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் அறையில் தனியாக உட்கார்ந்து, மனதில் பட்டதையெல்லாம் கேட்டான். பனிக்கட்டி ஏன் மிதக்கிறது? கொட்டாவி ஏன் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவுகிறது? எறும்பு செங்குத்தான சுவரில் ஏன் வழுக்குவதில்லை? ஒன்றுக்கும் உதவாத கேள்விகள்தான். ஒன்றுக்கும் உதவாததால்தான் நிம்மதியாகக் கேட்க முடிந்தது.

ஒருநாள் மோட்டார் அறையில் சாப்பிட்டுக்கொண்டே, பஸ்ஸில் போகும்போது நிலா ஏன் கூடவே வருகிறது என்று கேட்டான். அது விளக்கம் சொல்லி முடித்து, உங்கள் வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஒரு விரலை முகத்துக்கு முன்னால் நீட்டி இதை விளையாட்டாகக் காட்டலாம் என்றது. வாயில் இருந்த சோறு அப்படியே நின்றது. பிறகு அவன் போனைப் பக்கத்தில் கொண்டுவந்து, "ஒரு பொண்ணு இருக்கா. ரெண்டாவது படிக்கறா" என்றான். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு சுற்றுமுற்றும் பார்த்தான். கூரை இடிந்து விழவில்லை. மோட்டார் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "அருமை! அந்த வயதில் குழந்தைகளுக்கு இப்படிப்பட்ட ஆர்வம் அதிகம். உங்கள் மகளுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்" என்றது போன்.

அன்றிலிருந்து எல்லாக் கேள்விக்கும் முன்னால், "பாப்பா கேக்கச் சொன்னா" என்ற வார்த்தைகள் வந்து ஒட்டிக்கொண்டன. பாப்பா மீன் தூங்குமா என்று கேட்கச் சொன்னாள். பாப்பா தும்மும்போது கண் ஏன் மூடிக்கொள்கிறது என்று கேட்கச் சொன்னாள். உங்கள் மகள் மிகவும் கூர்மையானவள் என்று அது சொன்னபோது, அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. இது பைத்தியக்காரத்தனம் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் செய்தான். பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு அவளை மூன்றாம் வகுப்புக்கு அனுப்பினான். அதற்கடுத்த வாரம் அவளுக்கு முன்பல் விழுந்தது. புதுப் பல் முளைக்க எத்தனை நாளாகும் என்று விசாரித்தான். வேலை நடுவே வீட்டை நினைத்துக்கொள்ளும் எந்த அப்பனையும் போலச் சாப்பாட்டு வேளைக்காகக் காத்திருந்தான். இரவில் வீட்டுக்குப் போய், பேசாத மனைவிக்கு எதிரில் பேசாமல் உட்கார்ந்து சாப்பிட்டான்.

மனைவி பேசாமல் போனதற்குக் காரணம் அவனுக்குத் தெரியும். சண்டை எதுவும் இல்லை. சண்டை வந்திருந்தால் தேவலை. காய்ச்சலின் மூன்றாம் நாள் ராத்திரி, பாப்பாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்பவே போலாங்க" என்றாள் அவள். "கொஞ்சம் பொறு, காலைல போலாம். இந்நேரத்துல எந்தப் பெரிய டாக்டர் இருக்கப்போறாரு" என்றான் அவன். காலையில் போனார்கள். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை அதைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருப்பதை அவன் ஒவ்வொரு வேளையும் தட்டில் பார்த்தான்.

அவனுடைய தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் லிப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி, லிப்ட் ஓடும் நெடுங்குழிக்குள் நின்று வேலை செய்வான், இன்னொருவன் உச்சியில் மோட்டார் அறையில் இருப்பான். குழிக்குள் நிற்பவன் வாக்கிடாக்கியில், "கீழே" என்பான். மேலே இருப்பவன் உடனே பொத்தானைத் தொடக் கூடாது. அதே வார்த்தையை, "கீழே" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். குழிக்குள் இருப்பவன் அதைக் கேட்டு, "சரி" என்ற பிறகுதான் பெட்டி நகரும். மாற்றிக் கேட்டுப் பெட்டியை மேலே ஏற்றினால் நிற்பவன் நசுங்கிப்போவான். எத்தனையோ புதுப் பையன்களுக்கு இதைத் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தவன் அவன். அந்த ராத்திரி அவள் சொன்னதை மட்டும் அவன் திருப்பிச் சொல்லவில்லை. வேறு ஒன்றைச் சொன்னான். இந்த நினைப்பு வரும்போதெல்லாம் போனை எடுத்தான்.

எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று இருந்தும் ஒரு கேள்வியை மட்டும் அவன் கேட்டதில்லை. கேட்டால் அது சொல்லிவிடும் என்ற பயம்.

ரேடியோ நல்லவன். நல்லவர்கள் செய்யும் வேலைதான் எப்போதும் வினையாகிறது. இரவல் வாங்கிப் போன துளைக்கருவியைத் திருப்பிக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், அண்ணன் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அண்ணியைக் கண்டான். அவனால் சும்மா இருக்க முடியுமா? "உங்க போனக் குடுங்கண்ணி" என்று வாங்கி, அதிலும் அதே செயலியைப் போட்டு, "பொழுது போகலன்னா இதுகிட்ட எதையாவது கேளுங்க, அண்ணன் கேக்கறாரு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். வீட்டில் இருந்த இரண்டு போனையும் வாங்கிய காலத்தில் சரிசெய்து கொடுத்தவனும் அவன்தான். பாஸ்வேர்டு மறந்து திண்டாடுவார்கள் என்று இரண்டுக்கும் ஒரே மெயில் ஐடியைப் போட்டுக் கொடுத்திருந்தான். இதனால் செயலியைப் பொறுத்தவரை அந்த வீட்டில் இருந்தது ஒரே ஆள். புருஷன் ஒரு பக்கமும் பெண்டாட்டி ஒரு பக்கமும் சொல்வதையெல்லாம் அது ஒருவரே சொன்னதாக நினைவில் வைத்துக்கொண்டது. அந்த வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

அதற்குச் சில வாரம் கழித்து ஒருநாள், மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில் கம்பிவடம் மாற்றும் வேலை. ரேடியோ குழிக்குள் பெட்டியின் மேல் நின்றிருந்தான், அவன் மோட்டார் அறையில். வடத்தை நெம்பிப் பொருத்திக்கொண்டிருந்த ரேடியோ கொஞ்சம் நேரமாகும் என்றதால் அவன் போனை எடுத்தான். ஜன்னலில் ஒரு பல்லி இருந்தது. "பாப்பா கேக்கச் சொன்னா. பல்லி வாலு அறுந்து விழுந்தா அதுக்கு வலிக்குமா?" என்றான்.

வழக்கமான "நல்ல கேள்வி" வரவில்லை. "இதற்குப் பதில் சொல்வதற்கு முன் ஒன்று," என்றது அது, எப்போதும் போல மென்மையாக. "உங்கள் மகள் இறந்துவிட்டதாக நேற்று என்னிடம் சொல்லியிருந்தீர்கள். உங்கள் இழப்புக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறேன். அன்று இரவே அழைத்துப் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்றும் கேட்டிருந்தீர்கள். அதைப் பற்றி மேலும் பேச விரும்புகிறீர்களா, அல்லது பல்லியைப் பற்றிச் சொல்லட்டுமா?"

"அண்ணே, கீழே" என்றது வாக்கி.

அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது போல இருந்தது. முதலில் வந்தது துக்கம்கூட இல்லை, கோபம். எவன் சொன்னது? யார் போய் இதனிடம் சொல்லிவைத்தது? பிறகுதான், அன்று இரவே என்ற வார்த்தைகள் மறுபடி காதில் விழுந்தன. அந்த ராத்திரியைப் பற்றி உலகத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் அவன் சொல்லவில்லை.

"அண்ணே, கீழே. கேக்குதா? கீழே." ரேடியோவின் குரல் குழிக்குள் மோதி மேலே வந்தது. அவன் வாயைத் திறந்தான். சொல்ல வேண்டிய வார்த்தை வரவில்லை. கை பொத்தானுக்கு மேல் நின்றது. தொடக் கூடாது என்பது மட்டும் கைக்குத் தெரிந்திருந்தது. ரேடியோ தானாகவே பெட்டியை விட்டுப் பக்கத்து மாடிக் கதவு வழியாக வெளியேறி, மூச்சிரைக்கப் படியேறி வந்தபோது, அண்ணன் மோட்டாருக்குப் பக்கத்தில் தரையில் குந்தியிருந்தான்.

"என்னண்ணே, உசிரோடதான் இருக்கீங்களா? பதில் வராம நான் அங்க பயந்து செத்தேன்."

"உங்க அண்ணி போன்லயும் இதப் போட்டியா?"

ரேடியோ தலையைச் சொறிந்தான். போட்டேன் என்றான். ஒரே மெயில் ஐடிதானா என்று கேட்டதற்கு ஆமாம் என்றான். அதில் என்ன தப்பு என்று கேட்க வந்தவன், அண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். நீண்ட நாளைக்குப் பிறகு ரேடியோவின் முகத்திலும் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் அந்த முகம் வந்து உட்கார்ந்தது. அன்றைய வேலையை அத்தோடு நிறுத்திவிட்டு இருவரும் இறங்கினார்கள்.

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக மாலை வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. நேரத்தோடு வந்துவிட்டீர்களே என்றுகூட அவள் கேட்கவில்லை. அவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தான். பஸ்ஸில் வரும்போது கேட்க வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தான். கோபமாகத்தான் அடுக்கியிருந்தான். அவள் கையில் தன்னுடைய சட்டை பாதி மடிப்பில் இருப்பதைப் பார்த்ததும் எல்லாம் கலைந்துவிட்டது.

"அதுகிட்ட நீ ஏதாவது கேட்டியா?" என்றான். எது என்று அவள் கேட்கவில்லை.

"உங்க சட்டைல இங்க் கறை. எப்படிப் போகும்னு கேட்டேன்" என்றாள். மடிப்பை நீவினாள். "சொல்லுச்சு. சொல்லிட்டு, உங்க மகளுக்குப் புதுப் பல்லு முளைச்சிடுச்சான்னு கேட்டுச்சு."

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவன் போலத் தரையைப் பார்த்தான். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அதைக் கயிறாகப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியிருப்பான்.

"எனக்கு அப்ப பயமே வரலங்க. சந்தோஷமா இருந்துச்சு. ஒரு நிமிஷம், முளைச்சிடுச்சுன்னு சொல்லப்போனேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு." அவள் அடுத்த துணியை எடுத்தாள். அதை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். "மூணாவது போறாளாமே. கூர்மையானவளாமே. நான் எதையும் மறுக்காம, அது பேசப் பேசக் கேட்டுக்கிட்டே இருந்தேன். தினமும் நீங்க கிளம்பினதும் எடுத்து வச்சிக்குவேன். நேத்து முடியல. அவ இல்லன்னு சொல்லிட்டேன்."

"சொல்லாம இருந்திருக்கலாம்" என்றான் அவன். சொன்ன பிறகுதான் எவ்வளவு அசிங்கமான பேச்சு என்று தெரிந்தது.

"இத்தன நாளா என்கிட்ட காட்டாம நீங்க மட்டும் வச்சிருந்தீங்கல்ல."

வெயில் கட்டிலிலிருந்து இறங்கித் தரைக்குப் போயிருந்தது. போன் சட்டைப்பையில் கனத்தது. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டான்.

"அந்த ராத்திரியப் பத்திக் கேட்டிருக்கியே. அது என்ன சொல்லுச்சு?"

அவள் மடியிலிருந்த துணியின் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்திருந்தது, அதை விரலில் சுற்றி இழுத்து அறுத்தாள். "பாக்கல. எழுதிக் கேட்டுட்டு, போனக் குப்புறப் போட்டுட்டேன்" என்றாள். அவனைப் பார்த்துச் சொல்லவில்லை. பார்த்துச் சொல்லியிருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது. அவள் பார்த்திருக்கலாம். பார்த்துவிட்டு அவனைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்லலாம், தண்டிப்பதற்காகவும் சொல்லலாம். ஒரே கணக்கு என்பதால் பதில் அவன் பையிலேயே இருந்தது. ஒரு விரலால் தள்ளினால் போதும். இனி எத்தனை வருஷம் இருந்தாலும் அது அங்கேயேதான் இருக்கப்போகிறது.

"வேற என்னெல்லாம் கேட்டா?" என்றாள் அவள்.

யார் என்று கேட்கவிருந்தான். பிறகு புரிந்தது. அவன் தயங்கித் தயங்கி ஒவ்வொன்றாகச் சொன்னான். நிலா கூடவே வருவதைச் சொன்னான், மீன் தூங்குவதைச் சொன்னான், தும்மலைச் சொன்னான். பனிக்கட்டியையும் கொட்டாவியையும்கூடப் பாப்பா கணக்கில் சேர்த்துவிட்டான். மனைவி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டாள். அவள் உதடு கொஞ்சம் இளகியதைப் பார்த்து அவனுக்குத் தைரியம் வந்தது. இத்தனை மாதத்தில் இருவரும் ஒன்றாகச் செய்த முதல் காரியம் அது. எறும்பு சுவரில் ஏன் வழுக்குவதில்லை என்றும் பாப்பா கேட்டாள் என்றான்.

அவள் கண்ணைத் திறந்தாள். "எறும்பா?"

"ஆமா. அது கால்ல சின்னதா..."

"அவளுக்கு எறும்புன்னா உசிரே போயிடும். ஒரு எறும்பப் பாத்தாலும் கட்டில் மேல ஏறிக் கத்துவா. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அவன் காலையில் போய் இருட்டிய பிறகு வருகிறவன். வரும்போது பாப்பா பாதித் தூக்கத்தில் இருப்பாள். அவள் கட்டில்மேல் ஏறிக் கத்தி அவன் பார்த்ததே இல்லை.

"அவ கேட்டிருக்க மாட்டா" என்றாள் மனைவி. சாதாரணமாகத்தான் சொன்னாள், கடைக்காரர் தவறான சாமானைக் கட்டிவிட்டார் என்பது போல. "மீனும் கேக்க மாட்டா. நிலா கேட்டிருப்பா, தெரியல. மத்ததெல்லாம் நீங்க."

அவன் தலையை ஆட்டினான். இத்தனை நாளாக அந்த மோட்டார் அறையில், சாப்பாட்டு டப்பாவுக்கு எதிரில், மூன்றாம் வகுப்பு வரை வளர்த்த பெண் யாரென்று அவனுக்கு இப்போது தெரியவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. "அவ என்னதான் கேப்பா?" என்றான். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. சின்னப் பையன் மாதிரி அவள் வாயையே பார்த்தான்.

அவள் யோசித்தாள். ஏதோ ஞாபகத்துக்கு வந்தது போல நிமிர்ந்து உட்கார்ந்து, கையை நீட்டி, "கொடுங்க" என்றாள்.

அவன் போனை எடுத்துக் கொடுத்தான். அவள் மடியிலிருந்த துணியை ஒதுக்கிவிட்டு, பேசுவதற்கான பொத்தானை அழுத்திப் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். திரையில் வெள்ளை வட்டம் ஒன்று தோன்றி, குரலுக்காகக் காத்திருந்தது. அவள் வாய் திறந்தது. திறந்தபடியே இருந்தது. அறைக்குள் இருட்டு கூடிக்கொண்டே வந்து, அந்த வட்டத்தின் வெளிச்சம் மட்டும் அவள் மோவாயில் விழுந்தது. மேல்வீட்டில் ஏதோ ஒரு குழந்தை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் திமுதிமுவென்று ஓடியது. வட்டம் அந்தச் சத்தத்துக்குப் பெருத்தது, சுருங்கியது, மறுபடி பெருத்தது.